பீலித் தண்ணியில் ஒரு கரண்டி உப்பு

கொழும்பிலிருந்து நேர்கோடு பிடித்தால் பதுளை ஏறக்குறைய 130 கிலோமீற்றர். இராமேஸ்வரம் அதில் இரண்டு மடங்கு தூரம். ஆனாலும் மத்திய அலையில் இலங்கை வானொலி அந்தக் கரையில் பட்டப்பகலில் கணீரென்று கேட்ட காலத்தில், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் எங்கள் தொங்கல் காம்பராவுக்குள் அப்பா றேடியோவைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை அலைவார். மலை மறைக்கிறது என்பார். பாதி சரி. மீதிக் காரணம் உப்பு.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். இதைக் காட்ட நாலு டோர்ச் பற்றரி, தடையியோடு ஒரு சிவப்பு எல்.ஈ.டி., இரண்டு பென்சில் கரி போதும். கரிகளைக் காய்ந்த உப்பில் குத்தினால் ஒன்றும் நடக்காது. பீலித் தண்ணியில் வைத்தால் எரிகிறதா இல்லையா என்று சந்தேகம் வரும். அதில் ஒரு கரண்டி உப்பைக் கரைத்ததும் பளிச்சென்று எரியும், கரியோரம் நுரைக்கும். உப்புக்குப் பதில் சீனி போட்டால் பயனில்லை. பிள்ளைகள் வாய் பிளப்பது உரத்துக்குத்தான். தேயிலைக்குப் போடும் பொட்டாஷ் உப்பைப் போல் எரியவைக்கும், யூரியாவோ சீனியின் கட்சி.

உப்பு என்பது சோடியம் அயனும் குளோரைட்டு அயனும். ஒன்றில் நேர் மின்னேற்றம், மற்றதில் மறை. கல்லாக இருக்கையில் அவை இடம்விட்டு அசையா. 801 பாகை செல்சியஸில் உருக்கவேண்டும், அல்லது தண்ணீரில் கரைக்கவேண்டும். யூரியாவும் சீனியும் முழு மூலக்கூறுகளாகவே கரைகின்றன; சுமக்க மின்னேற்றம் இல்லை. கரைசலில் அயன்கள் பிரிந்தே கிடக்கின்றன என்ற பக்கம் போன சுவீடன்காரர் ஸ்வந்தே அரேனியஸின் 1884ஆம் ஆண்டு ஆய்வேட்டுக்குப் பேராசிரியர்கள் குறைந்த தரமே போட்டார்கள். 1903இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த அயன்களின் நடை ஆமையைவிட மோசம். எங்கள் கோப்பையில் மணித்தியாலத்துக்கு இரண்டு சென்ரிமீற்றர் போனாலே அதிகம். பிறகெப்படி குமிழ் உடனே எரிகிறது? ஓர் அயன் இந்தக் கரியிலிருந்து அந்தக் கரிக்குப் போய்ச் சேரவேண்டியதில்லை. பற்றரியைத் தொடுத்த கணமே மின்புலம் அலையாகப் பரவி, எல்லா அயன்களையும் ஒன்றாகத் தள்ளிவிடுகிறது.

வானொலி அலை கடலிலும் இதையே செய்கிறது. 1000 கிலோஹேர்ட்ஸ் அலையின் நீளம் 300 மீற்றர். செக்கனுக்குப் பத்து இலட்சம் தடவை அயன்களை முன்னும் பின்னும் ஆட்டும். லீற்றருக்கு 35 கிராம் அளவில் உப்புள்ள கடலில் அது கால் மீற்றர் ஆழம் இறங்குவதற்குள்ளேயே மூன்றிலொரு பங்காகத் தேய்ந்துவிடும். ஆழத்தில் புகுந்து வீணாகாததால் நீர்மட்டத்தை ஒட்டியே நெடுந்தூரம் ஓடும். நம் மலைப்பாறை கடலைவிட ஆயிரம் மடங்கு அளவில் மோசமான கடத்தி. அலை ஆழமாகப் புகுந்து, அதன் சக்தி வெப்பமாகி நிலத்துக்குள்ளேயே போய்விடும். எப்.எம். அலைக்கு 3 மீற்றர்தான் நீளம். 2,036 மீற்றர் உயர நமுனுகுல மலையை வளைந்து தாண்டுவது அதற்குப் பெரும்பாடு.

"அப்ப மலையெல்லாம் உப்புப் போட்டா நல்லாக் கேக்குமா சேர்?" என்றான் ஒருவன். கொழும்பு வரைக்கும் போட்டு, நனைத்தும் வைத்தால் கொஞ்சம் கேட்கும், தேயிலை செத்துப்போகும். சின்ன அளவில் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். எர்த் கம்பியைச் சுற்றிக் கரியும் உப்பும் போட்டு மூடுவது அதற்காகத்தான். காய்ந்த உப்பு கடத்தாது என்பதால் வெயில் காலத்தில் அந்தக் குழிக்கு ஒரு வாளி தண்ணி ஊற்றவேண்டும். மழை உப்பைக் கரைத்துக்கொண்டு போகும், மிச்ச உப்பு கம்பியை அரிக்கும். ஆகவே இடைக்கிடை தோண்டிப் பார்ப்பதும் அவசியம்.