மூளைக்குள் ஒரு வாய்க்கால் வலை!

குடமுருட்டி ஆற்றங்கரை ஊர், வலங்கைமான். ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகிறது. அங்கிருந்து கன்னி வாய்க்கால் வழியாக வயலுக்குப் பாய்கிறது. எங்கோ ஓர் இடத்தில் கரை உடைந்தால், பக்கத்து வயல் மட்டுமா மூழ்கும்? தண்ணீருக்கு வழி உள்ள வயலெல்லாம் மூழ்கிவிடும்.

நம் மூளையும் அப்படித்தான்.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. அவை மெல்லிய மின்சாரத்தால் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்கின்றன. ஒரு கூட்டம் செல்கள் திடீரென்று ஒரே சமயத்தில் அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ச்சினால், அதுதான் வலிப்பு. அது மூளை முழுவதும் பரவினால், கை கால் வெட்டி இழுக்கிறது. நினைவு தப்புகிறது.

உடைப்பு எங்கே?

மனித மூளையின் மின்சாரத்தை 1924-ல் முதன் முதலில் பதிவு செய்தவர், ஜெர்மன் டாக்டர் ஹான்ஸ் பெர்கர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 1952-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வலிப்புக்கு ஆபரேஷன் செய்தார்.

அந்தக் காலத்தில் வலிப்பு தொடங்கும் இடத்தையே டாக்டர்கள் தேடினார்கள். இன்று, அது பரவும் பாதையையும் பார்க்கிறார்கள். மூளையின் எந்தப் பகுதி எதனுடன் இணைந்திருக்கிறது என்பதை ஸ்கேன் காட்டுகிறது. வலிப்பு வராத நேரத்திலும் சிலருடைய இணைப்புகள் மாறுபட்டிருக்கின்றன! இரண்டு பாதி மூளையையும் இணைக்கும் பாலத்தை வெட்டி, வலிப்பு மறுபக்கம் தாவாமல் தடுக்கும் ஆபரேஷனும் உண்டு.

ஆனால் எல்லோருக்கும் ஆபரேஷன் தேவை இல்லை. சரியான மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டால், 10 பேரில் 7 பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழலாம்.

சாவி வேண்டாம்!

கையில் இரும்புச் சாவியைக் கொடுத்தால் வலிப்பு நிற்காது. பெரும்பாலும் அது இரண்டொரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். பெயர் சாவிக்குப் போகிறது! வாயில் எதையும் திணிக்கக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கல்யாணம் ஆகுமா?

"பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டுமே" என்று நோயை மறைக்கும் வீடுகள் உண்டு. புகுந்த வீட்டில் தெரியக்கூடாது என்று மாத்திரையை நிறுத்துகிறாள், மகள். திடீரென்று நிறுத்தினால், வலிப்பு முன்னைவிடக் கடுமையாக வரலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம்.

வலிப்பு உள்ளவர்களின் கல்யாணத்துக்கு இந்து திருமணச் சட்டத்தில் இருந்த தடை 1999-ல் நீக்கப்பட்டுவிட்டது. சட்டமே வழி விட்டுவிட்டது. வீடு ஏன் மறிக்க வேண்டும்?

உடைப்பை மறைத்தால் பயிர் பிழைக்காது. அடைத்தால்தான் பிழைக்கும்!