மின் சக்கர நாற்காலி வாங்கும் முன்

“எந்த நிறுவனத்தின் மின் சக்கர நாற்காலி நல்லது?” என்பது எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் குடும்பத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்வி. விலையையும் வேகத்தையும் ஒப்பிட்டு இரண்டு மூன்று நாற்காலிகளைத் தேர்ந்து, அவற்றின் படங்களைக் கைப்பேசியில் கொண்டுவந்து காட்டுவார்கள். அதற்கு விடை கூறும் முன் நாங்கள் வேறு சில கேள்விகளைக் கேட்க வேண்டியுள்ளது. அமரப்போகிறவரின் இடுப்பு அகலம் எவ்வளவு? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அமர்வார்? வீட்டுக் கதவுகளின் அகலம் என்ன? தெருவிலிருந்து வாசலுக்கு எத்தனை படிகள்?

இவற்றுக்கு விடை தெரியாமல் வாங்கப்பட்ட நாற்காலிகள் பல வீடுகளில் மூலையில் நிற்கின்றன. சில, அமர்ந்தவருக்குப் புண்ணை உண்டாக்கி அவரை மீண்டும் படுக்கைக்கே அனுப்பியிருக்கின்றன. ஆகவே தேர்வுக்கு ஒரு வரிசை தேவை: முதலில் அமர்பவர், அடுத்து இருக்கை, அதன்பின் வீடும் தெருவும், கடைசியில்தான் மோட்டாரும் பேட்டரியும். விளம்பரங்கள் இந்த வரிசையைத் தலைகீழாகவே சொல்கின்றன.

யாருக்குத் தேவை?

கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கைகளிலும் வலுக் குறைந்தவர்கள், தசைச்சிதைவு நோயாளிகள், பெருமூளை வாதத்தால் கை கால் அசைவு கட்டுப்படாதவர்கள், கடுமையான மூட்டுவாதம் உள்ளவர்கள், சிறிது தூரம் சென்றாலே மூச்சு வாங்கும் இதய, நுரையீரல் நோயாளிகள் ஆகியோருக்கு மின் சக்கர நாற்காலி பெரும் விடுதலை தரும். பல ஆண்டுகள் கையால் சக்கரம் தள்ளித் தோள்பட்டை தேய்ந்து வலியால் துன்புறுவோருக்கும் இது பொருந்தும். தோள் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறவும் அதே தோள்தான் வேண்டும்.

மாறாக, ஊன்றுகோலோ வாக்கரோ கொண்டு வீட்டுக்குள் நடக்க முடிந்தவர், நாற்காலி வந்ததும் நடப்பதையே விட்டுவிடக் கூடாது. தொலைவுக்கு நாற்காலி, வீட்டுக்குள் நடை என்று பிரித்துக்கொள்ளலாம். பக்கவாதம் வந்து முதல் சில மாதங்களில் உள்ளவர்கள் வாங்குவதற்கு அவசரப்பட வேண்டாம். அந்தக் காலத்தில் உடல் மீண்டுகொண்டிருக்கும். இன்று தேவைப்படுவது ஆறு மாதம் கழித்துத் தேவைப்படாமல் போகலாம். அதுவரை வாடகை நாற்காலி போதும்.

தாமே ஓட்டுவதற்கு வேறு சில தகுதிகளும் வேண்டும். பக்கவாதத்திற்குப் பின் சிலருக்கு உடலின் ஒரு பக்கத்தில் இருப்பவற்றை மூளை கவனிக்காமல் விட்டுவிடும். கண் பார்வை சரியாக இருந்தும் இடப்புறக் கதவில் மோதிக்கொண்டேயிருப்பார்கள். கட்டுக்குள் வராத வலிப்பு நோய், குறைந்த பார்வை, மறதி நோய், மயக்கம் தரும் மருந்துகள் ஆகியவையும் ஆபத்தானவை. இத்தகையோருக்கு, பின்னால் நிற்கும் பராமரிப்பாளர் இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய நாற்காலியைப் பரிந்துரைக்கிறோம்.

தசைச்சிதைவு போன்று ஆண்டுதோறும் மாறும் நோய்களில் இன்றைய நிலையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. பின்னாளில் தலைத்தாங்கி பொருத்தவும், ஜாய்ஸ்டிக்கின் இடத்தை மாற்றவும், மோவாயால் இயக்கும் கருவி இணைக்கவும் அந்த நாற்காலி இடம் தருமா என்று கேட்டறிய வேண்டும்.

இருக்கைதான் முதன்மையானது

நம்மில் எவரும் ஒரே நிலையில் நெடுநேரம் அமர்வதில்லை. உறுத்தல் தோன்றியவுடன் நம்மையறியாமலே அசைந்து அமர்கிறோம். உணர்ச்சி இழந்தவருக்கு உறுத்தல் தெரியாது, தெரிந்தாலும் அசைய முடியாதவர் அசைய இயலாது. அமரும்போது உடல் எடையின் பெரும்பகுதி பிட்டத்தின் இரு எலும்பு முனைகளில் இறங்குகிறது. அவ்விடத்துச் சிறு இரத்தக் குழாய்கள் நசுங்கி, இரத்தம் செல்லாமல் தசை அழுகத் தொடங்குகிறது. இதுவே அழுத்தப்புண். வெளியே சிறு சிவப்பாகத் தெரியும்போதே உள்ளே ஆழமாகப் பரவியிருக்கலாம். எலும்பு வரை சென்ற புண் ஆற மாதக்கணக்கில் ஆகும். அத்தனை காலமும் அவர் அமரவே கூடாது. வெளியே செல்வதற்கென வாங்கிய நாற்காலியே அவரைக் கட்டிலில் கிடத்திவிடும்.

இதைத் தவிர்க்கக் கவனிக்க வேண்டியவை நான்கு.

1. அகலம்: இருக்கையின் அகலம் இடுப்பின் அகலத்திற்கு ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். இருபுறமும் விரல் நுழையும் அளவு இடைவெளி போதும். இடுப்பு 36 செ.மீ. உள்ளவரை 45 செ.மீ. இருக்கையில் அமர்த்தினால் ஒரு பக்கம் சாய்ந்துகொள்வார். சாய்ந்த பக்கத்தில் புண் வரும், முதுகெலும்பும் வளையும். “தாராளமாக இருக்கட்டும்” என்று பெரிதாக வாங்குவது உதவியாகாது.

2. ஆழம்: பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, அதில் 3 முதல் 6 செ.மீ. வரை குறைத்தால் இருக்கையின் ஆழம் கிடைக்கும். ஆழம் மிகுந்தால் விளிம்பு முழங்கால் மடிப்பை அழுத்தும். அதைத் தவிர்க்க அவர் முன்னோக்கிச் சரிவார்.

3. பாதத்தாங்கி: தொடை முழுவதும் மெத்தையில் படியும் உயரத்தில் அமைய வேண்டும். அது உயரமாக இருந்தால் முழங்கால் மேலே எழும்பி, எடை முழுவதும் பிட்டத்திற்கே வரும். தாழ்வாக இருந்தால் கால் தொங்கும்.

4. மெத்தை: பல மடக்கு நாற்காலிகளுடன் வருவது மெல்லிய பஞ்சுத் திண்டு மட்டுமே. உணர்ச்சிக் குறைவு உள்ளவர்களுக்கு அது போதாது. காற்று அறைகள் கொண்ட மெத்தை, ஜெல் மெத்தை, உடல் வடிவுக்கேற்பக் குழிவாக வெட்டிய அடர்த்தியான ஃபோம் மெத்தை ஆகியவற்றில் ஒன்றைத் தனியாக வாங்க நேரலாம். அதற்கான தொகையை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மீதியில் நாற்காலியைத் தேடுங்கள். ஃபோம் காலப்போக்கில் அமுங்கிவிடும், அப்போது மாற்ற வேண்டும்.

தாமே உடலைத் தூக்கி அசைக்க முடியாதவர்களுக்கு, இருக்கை முழுவதையும் பின்னோக்கிச் சாய்க்கும் வசதி மிகவும் பயனுள்ளது. இதையும் முதுகுப்பகுதி மட்டும் சாயும் வசதியையும் ஒன்றெனக் கருதக் கூடாது. முதுகு மட்டும் சாய்ந்தால் உடல் முன்னோக்கி வழுக்கும், தோல் மெத்தையில் உரசும். இருக்கையும் முதுகும் ஒன்றாகச் சாய்ந்தால் பிட்டத்தின் எடை முதுகுக்கு மாறும், உரசல் குறையும்.

வீடும் தெருவும்

கடைக்குச் செல்லும் முன் அளவு நாடாவுடன் வீட்டைச் சுற்றி வாருங்கள். கதவின் அகலத்தைச் சட்டத்திலிருந்து சட்டம் வரை அளக்காமல், கதவு திறந்திருக்கும்போது எஞ்சும் இடைவெளியை அளக்க வேண்டும். நாற்காலியின் மொத்த அகலத்தைவிடக் குறைந்தது 5 செ.மீ. கூடுதலாக இருந்தால்தான் கை உரசாமல் செல்லலாம். நாற்காலி முழுவதுமாகத் திரும்ப ஏறத்தாழ 150 செ.மீ. விட்டமுள்ள இடம் வேண்டும். கட்டிலையோ பீரோவையோ நகர்த்தினாலே பல வீடுகளில் இது கிடைத்துவிடும்.

வாசல் சரிவுப்பாதைக்கு 1:12 என்பது ஏற்கப்பட்ட அளவு. 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படிகள் என்றால் உயரம் 45 செ.மீ., சரிவுப்பாதையின் நீளம் 5.4 மீட்டர். குறுகிய தெருக்களில் இவ்வளவு இடம் இருப்பதில்லை. அதற்காக இரண்டடிப் பலகையைச் செங்குத்தாகச் சாய்த்து அதன்மேல் ஏற்றக் கூடாது. நாற்காலி பின்னோக்கிக் கவிழும். பக்கவாட்டு நடை வழியே நீளமாகக் கட்ட முடியுமா, வீட்டின் வேறு வாசல் தாழ்வாக உள்ளதா என்று முதலில் ஆராயலாம்.

குளியலறைக்குள் மின் நாற்காலியைக் கொண்டுசெல்ல வேண்டாம். நீர் பட்டால் மின்சுற்று பழுதாகும். குளிக்கவும் கழிப்பறைக்கும் தனியாகச் சிறு சக்கரங்கள் உள்ள நாற்காலியே ஏற்றது.

மருத்துவமனைக்கு எப்படி வருவீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். எஃகுச் சட்டமும் ஈய அமில பேட்டரியும் கொண்ட நாற்காலியின் எடை 50 கிலோவைத் தாண்டலாம். அலுமினியச் சட்டமும் லித்தியம் பேட்டரியும் கொண்டவற்றில் 25 கிலோ அளவிலும் கிடைக்கின்றன. அதை ஆட்டோவிலோ காரிலோ தூக்கி வைக்கப்போவது யார்? அறுபது வயது மனைவி என்றால், எடையே முடிவைத் தீர்மானிக்கட்டும்.

மோட்டார், பேட்டரி, பிரேக்

பேட்டரியின் திறனை எளிதாகக் கணக்கிடலாம். 24 வோல்ட், 20 ஆம்பியர்-மணி என்றால் 480 வாட்-மணி, அதாவது ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம். விளம்பரத்தில் சொல்லும் தூரம், சமதளத்தில் எடை குறைந்தவர் புதிய பேட்டரியுடன் செல்லும் தூரம். மேடு பள்ளம், உடல் எடை, பேட்டரியின் வயது ஆகியவற்றால் அது குறையும். அன்றாடம் தேவைப்படும் தூரத்தைப்போல் இரு மடங்கு காட்டும் நாற்காலியை வாங்குவது பாதுகாப்பு. நிறுவனம் தந்த சார்ஜரை மட்டுமே பயன்படுத்துங்கள். வீங்கிய, கீழே விழுந்து அடிபட்ட லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. படுக்கையறையில் இரவு முழுவதும் சார்ஜில் விட வேண்டாம்.

பெரும்பாலான மின் நாற்காலிகளில் ஜாய்ஸ்டிக்கை விட்டதும் மின்காந்த பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். சரிவிலும் அது நிற்க வேண்டும். வாங்கும்போது சரிவில் ஓட்டி இதைச் சோதியுங்கள். கையால் தள்ளுவதற்காக மோட்டாரை விடுவிக்கும் நெம்புகோல் ஒன்றும் இருக்கும். அதை விடுவித்தால் பிரேக்கும் செயலிழக்கும். சரிவில் அதைத் தொடவே கூடாது. நாற்காலியில் ஏறும்போதும் இறங்கும்போதும் மின்விசையை அணைத்துவிடுங்கள். சேலைத் தலைப்போ முழங்கையோ ஜாய்ஸ்டிக்கில் பட்டு நாற்காலி நகர்ந்துவிடும்.

பின்புறம் கவிழாமல் தடுக்கும் சிறு சக்கரங்கள், இடுப்புப் பட்டை ஆகிய இரண்டும் கட்டாயம் வேண்டும். முன்சக்கரம் மிகச் சிறிதாக இருந்தால் குழியிலும் சாலை விரிசலிலும் சிக்கும்.

கைகளிலும் உடற்பகுதியிலும் நல்ல வலு உள்ளவர்களுக்கு மற்றொரு வழியும் உண்டு. கையால் இயக்கும் நாற்காலியின் முன்னே மோட்டார் சக்கரம் ஒன்றை இணைத்து வெளியே செல்லலாம், வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகி, நியோமோஷன் நிறுவனத்தால் 2021-இல் வெளியிடப்பட்ட நியோபோல்ட் இவ்வகையைச் சேர்ந்தது.

உதவித் திட்டங்கள்

முழுத் தொகையையும் கடன் வாங்கிச் செலவிடும் முன் அரசு உதவியை விசாரியுங்கள். குறைந்தது 40 விழுக்காடு பாதிப்பு என்ற சான்றும், தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் இதற்கு அடிப்படை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாநில அரசின் திட்டங்களைப் பற்றிக் கேட்கலாம். நடுவண் அரசின் உதவி உபகரணத் திட்டத்தின் கீழ், கான்பூரில் உள்ள அலிம்கோ நிறுவனத்தின் கருவிகள் முகாம்கள் வழியே வழங்கப்படுகின்றன. வருமான வரம்பு உண்டு, காத்திருக்கவும் நேரலாம். இலவசமாகக் கிடைத்தாலும் அளவும் மெத்தையும் பற்றி மேலே கூறியவை அப்படியே பொருந்தும்.

கடையில் பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். பழுது நீக்குபவர் வீட்டுக்கு வருவாரா? பேட்டரிக்குத் தனி உத்தரவாதம் உண்டா? மாற்று பேட்டரியின் விலை என்ன? ஒரு நாள் வீட்டில் ஓட்டிப் பார்த்துப் பொருந்தாவிட்டால் திருப்பித் தரலாமா?

வாங்கிய பின்

முதல் நாளே நாள் முழுவதும் அமர வேண்டாம். அரை மணி நேரம் அமர்ந்து, படுக்கைக்கு மாறி, பிட்டத்தின் தோலைப் பாருங்கள். பார்க்க இயலாதவர் கண்ணாடியின் உதவியையோ பராமரிப்பாளரின் உதவியையோ நாடலாம். சிவப்பு அரை மணி நேரத்தில் மறைந்துவிட்டால் அமரும் நேரத்தை நாளுக்கு நாள் கூட்டலாம். மறையாவிட்டால் அவ்விடத்தில் எடை படாமல் வைத்து எங்களிடம் வாருங்கள். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. நிறம் அடர்ந்திருப்பதையும், தொட்டால் சூடாகவோ கடினமாகவோ இருப்பதையும் கவனிக்க வேண்டும். காலையிலும் இரவிலும் தோலைப் பார்ப்பது பல் துலக்குவதைப் போன்ற வழக்கமாகட்டும். அமர்ந்திருக்கும்போது 20 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னேயோ பக்கவாட்டிலோ சாய்ந்து எடையை மாற்றுங்கள்.

வாங்க எண்ணியுள்ளவர்கள், பணம் கட்டும் முன் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு ஒருமுறை வந்து செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம். வீட்டுக் கதவுகளின் அகலம், வாசற்படிகளின் உயரம், தெருவின் படம் ஒன்று, உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். உடல் அளவுகளை எடுத்தல், மெத்தையைத் தேர்தல், ஓட்டும் பயிற்சி ஆகியவற்றை எங்கள் இயன்முறை மருத்துவர்களும் செயல்வழிச் சிகிச்சையாளர்களும் பார்த்துக்கொள்வார்கள். பராமரிப்பவரும் உடன் வர வேண்டும், அந்த நாற்காலியைத் தூக்கப்போகிறவரும் துடைக்கப்போகிறவரும் பெரும்பாலும் அவர்தான்.