பாட்டுக்கு நடுவே ஒரு வண்டு

திருப்பூரில் நிசப்தம் என்பது கிடைத்தற்கரிய சரக்கு. பனியன் கம்பெனிகள் ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலையிலாவது ஒரு நல்ல கச்சேரி கேட்கலாம் என்று குடும்பத்தோடு உட்காருகிறோம். ஸ்டீரியோவை முடுக்கியதுமே, 'ம்ம்ம்' என்று ஒரு வண்டு ரீங்காரம் செய்யத் தொடங்குகிறது. வித்வான் ஒரு சுருதியில் பாடுகிறார். வண்டோ தன் சொந்தச் சுருதியை விடுவதாயில்லை.

அது மின்சாரத்தின் சுருதி. நம் தேசத்தில் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை ஊசலாடுகிறது. 1932-ஆம் வருஷம் நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கிய நாள் முதல் கொங்கு நாட்டின் ஆலைகளைப் பெருக்கிய அந்த மின்சாரமே, இங்கே அழையா விருந்தாளியாகப் பாட்டில் நுழைகிறது.

உடனே, "பெட்டி கெட்டுவிட்டது" என்று புதிய சீமைச் சரக்கு வாங்கப் புறப்பட வேண்டாம். பல சமயங்களில் குற்றம் பெட்டியில் இல்லை, இணைப்பில்தான் இருக்கிறது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால் அது அகப்பட்டுவிடும்.

முதலில் ஒலியைக் குறைக்கும் குமிழைத் திருப்புங்கள். இரைச்சலும் கூடவே குறைந்தால், அது வெளியிலிருந்து கம்பி வழியாக வருகிறது. குறையாமல் நின்றால், பெரும்பாலும் ஆம்ப்ளிபயருக்குள்ளேயே கோளாறு. அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே விவேகம்; மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உள்ளிருக்கும் உறுப்புகள் சில நேரம் மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கும். குமிழைத் திருப்பும்போது மட்டும் 'கரகர' என்றால் அதற்குள் தூசி சேர்ந்திருக்கலாம். பக்கத்துக் கம்பெனியில் மோட்டார் ஓடும்போது மட்டும் இரைந்தால் காரணம் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவதாக, டெலிவிஷன், கம்ப்யூட்டர் முதலியவற்றிலிருந்து வரும் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் வண்டு வாயடைக்கிறதோ, அதுவே வழி. அநேகமாக அது தெருக் கேபிளோடு பிணைந்த டெலிவிஷனாக இருக்கும். இரண்டு வாய்க்கால்களின் நீர்மட்டம் வேறுபட்டால் இடையிலுள்ள மடை வழியே நீர் பாயும் அல்லவா? அதுபோல, கேபிளின் எர்த்தும் வீட்டின் எர்த்தும் சமமாக இல்லாவிட்டால், பாட்டு வரும் கம்பியின் மேலுறை வழியே மின்சாரம் பாய்கிறது. எல்லாப் பெட்டிகளையும் ஒரே ப்ளக் பலகையில் சொருகுவது நல்ல பரிகாரம். அதிலும் தீராவிட்டால், கேபிள் வரும் வழியில் அதற்கென விற்கும் தடுப்புக் கருவியைப் பொருத்தலாம். பழைய இசைத்தட்டுப் பெட்டியானால், அதன் தனிக் கம்பியை ஆம்ப்ளிபயரின் எர்த் திருகில் மாட்ட மறக்கலாகாது.

இனி, இக்கட்டுரை எழுத நேர்ந்த காரணத்துக்கு வருகிறேன். இரைச்சலைப் போக்க, ப்ளக்கின் மூன்று முனைகளில் பருத்திருக்கும் எர்த் முனையை ஒடித்துவிடும் வழக்கத்தைச் சில வீடுகளில் கண்டிருக்கிறேன். வண்டு அடங்குவது உண்மை. ஆனால் பிற்பாடு ஒரு நாள் உள்ளே ஒரு கம்பி தளர்ந்து இரும்புக் கூட்டைத் தொட்டால், அந்த மின்சாரம் பூமிக்குப் போக வழியில்லை. கூட்டைத் தொடும் குழந்தையின் உடம்பே அதற்கு வழியாகிவிடும். எர்த் முனை இருந்தால் பியூஸ் எரியும், குழந்தை பிழைக்கும்.

ரீங்காரத்தைக் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவது முனையை மட்டும் தயவுசெய்து ஒடிக்காதீர்கள்.