களத்துமேடும் அடுப்படியும்

உழுபவன் வீட்டில் உலை கொதிக்கிறதா என்று வினவுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் நம் சேலம், நாமக்கல் சமவெளியின் வரலாறு அறிந்தோர் வியப்படையார். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தின் கொடுமையைக் குடிக்கணக்கே கூறும். 1871இல் ஏறத்தாழ 19.6 லட்சமாயிருந்த பழைய சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1881இல் 16 லட்சமாகக் குறைந்தது.

அத்தகைய பஞ்சம் இன்று இல்லை. எனினும் ஆண்டு முழுவதும் சிறு உழவர் இல்லத்தில் போதிய, சத்துள்ள உணவு இருக்குமா என்பதை எவை நிர்ணயிக்கின்றன? சிலவற்றைச் சிந்திப்போம்.

முதலாவது, நீர். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை நம்மிடம் இருப்பினும் அதன் நீரில் பெரும்பகுதி காவிரிப் படுகைக்கே செல்கிறது. கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களால் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் பாசனம் பெறுவது சுமார் 45,000 ஏக்கரே. எஞ்சிய காடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வானமும் கிணறுமே கதி. மழை பொய்த்தால் ஆழ்துளைக் கிணற்றுக்குக் கடன். நீர் அகப்படாவிடில் கடனே மிச்சம்.

இரண்டாவது, பயிர். நம் முன்னோர் சோளமும் கம்பும் ராகியும் விதைத்து, ஊடே துவரையும் அவரையும் தட்டைப்பயறும் இட்டனர். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுத்தது. தட்டு மாட்டுக்குத் தீவனமாயிற்று. 1940களில் சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் தோன்றியபின் குச்சிக்கிழங்கு பரவியது. 1981இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவு நிறுவனமும் அமைந்தது. கிழங்கு பல குடும்பங்களை உயர்த்தியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அது எட்டு, பத்து மாதம் நிலத்தை அடைத்துக்கொள்கிறது. மாவுச்சத்தின் 'பாயின்ட்' கணக்கில் ஆலையில் விலை குறிக்கப்படுகிறது. பிடுங்கிய கிழங்கு நாள்பட நில்லாது. ஆகவே வந்த விலைக்கு விற்றே தீரவேண்டும். 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்ட மாவுப்பூச்சி விரைவில் நம் தோட்டங்களையும் பீடித்தது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகளை 2022இல் இங்கே விடவேண்டியதாயிற்று. ஒரே பயிரை நம்பியிருப்பதன் ஆபத்துக்கு வேறு சான்று வேண்டுமோ?

மூன்றாவது, சேமிப்பு. குதிரில் தானியம் இருந்த வீடு அடுத்த அறுவடை வரை அஞ்சவில்லை. இன்றோ களத்திலேயே மலிவாக விற்று, பின்னர் கடையில் கூடுதல் விலைக்கு வாங்குகிறோம்.

நான்காவது, தாய்மாரின் கை. கோழி, ஆடு, முருங்கை, கொல்லைக் கீரை ஆகியவை நாள்தோறும் சிறிதளவேனும் உணவாகி, அவர்கள் கையிலேயே இருப்பவை. கிழங்குப் பணமோ ஒரே தவணையில் வந்து, கடன்காரனிடமும் சில வேளை மதுக்கடையிலும் கரைந்துவிடுகிறது. குறை நேரும்போது இறுதியில் உண்பவளும் தாயே.

'ரேஷன் அரிசி இருக்கிறதே' என்பீர்கள். 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரருக்கு அது விலையின்றி வழங்கப்படுவது பெரும் பேறே. அரிசி பசியை ஆற்றும். ஆனால் பருப்பும் கீரையும் முட்டையும் தரும் சத்தை அது தராது.

வழி இல்லாமலில்லை. கொல்லிமலையிலும் சாமையும் தினையும் கிழங்குக்கு இடம்விட்டுக் குறைந்தன. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து ஊர் விதை வங்கிகளையும், தானியம் உமிநீக்கும் இயந்திரங்களையும் ஏற்படுத்த உதவியது. உரலில் குற்றும் பாடு பெண்களை வாட்டியதும் தானியம் அடுப்படியை விட்டு நீங்கியதற்கு ஒரு காரணம் என்பதை இதனால் உணர்கிறோம்.

ஆகவே கிழங்கை அடியோடு கைவிடுமாறு நாம் கூறவில்லை. காட்டில் ஒரு பங்கை வீட்டுத் தானியத்துக்கும் பயறுக்கும் ஒதுக்குங்கள். விதையை விற்காதீர்கள். கிழங்குப் பணம் வரும் நாளில் கணவனும் மனைவியும் ஒருங்கே அமர்ந்து, அடுத்த அறுவடை வரை அடுப்புக்குத் தேவையானதை முதலில் எடுத்து வையுங்கள். சந்தை விலை நம் கையில் இல்லை. குதிரின் ஒரு மூலையேனும் நம் கையில் இருக்கட்டும்.