நடுக்கடலில் நெஞ்சுவலி வந்தால்...

சொகுசுக் கப்பல்களில் மருத்துவமனை உண்டு. டாக்டர், நர்ஸ்கள், ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, வென்டிலேட்டர், சில படுக்கைகள் எல்லாம் இருக்கும். மாரடைப்பு வந்தவருக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவார்கள். ஆனால் ஆஞ்சியோபிளாஸ்டி அங்கே நடக்காது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சைக்கும் கரைக்குத்தான் போக வேண்டும். அதுவரை நோயாளியைத் தாக்குப்பிடிக்க வைப்பதே கப்பல் டாக்டரின் வேலை.

அந்த வேலைக்குக் கட்டணமும் உண்டு. டிக்கெட்டில் சாப்பாடும் பாட்டுக் கச்சேரியும் அடக்கம், வைத்தியம் அடக்கமில்லை. பில் அறைக் கணக்கில் ஏறிவிடும், இறங்குவதற்குள் கட்டியாக வேண்டும். கேஷ்லெஸ் வசதியை அங்கே எதிர்பார்க்க முடியாது. கையிலிருந்து கட்டிவிட்டு, ஊர் திரும்பியபின் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு வாங்குவதுதான் வழக்கம்.

"எனக்குத்தான் பத்து லட்சத்துக்கு மெடிக்கல் பாலிசி இருக்கிறதே" என்பது பணி ஓய்வு பெற்றவர்கள் பலர் சொல்லும் பதில். உள்நாட்டு மருத்துவ பாலிசிகளில் பெரும்பாலானவை இந்திய எல்லையைத் தாண்டினால் செல்லாது. சென்னையிலிருந்து விசாகப்பட்டினம், மும்பையிலிருந்து லட்சத்தீவு என்று எல்லைக்குள்ளேயே போகும் கப்பலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பாலிசிகளின்படி, பதிவு பெறாத ஓர் இடம் 'மருத்துவமனை' என்ற கணக்கில் வர வேண்டுமானால், பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊரில் குறைந்தது 10 படுக்கைகளும், மற்ற இடங்களில் 15 படுக்கைகளும் சொந்தமாக அறுவை அரங்கும் இருக்க வேண்டும். கப்பலின் அந்தச் சின்ன அறைகள் இதில் தேறுவது கடினம். 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட எம்ப்ரஸ் கப்பல் ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைமுகங்களைச் சுற்றி வந்தது. அப்படிப்பட்ட பயணத்தில் தூரம் குறைவாகத் தோன்றினாலும் அது வெளிநாட்டுப் பயணம்தான். அதற்குத் தனியாகப் பயணக் காப்பீடு வேண்டும்.

அந்தக் காப்பீட்டில் மருத்துவச் செலவுக்கு எவ்வளவு தருவார்கள் என்பதைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். கப்பல் பயணிக்கு அதைவிட முக்கியமான வரி ஒன்று சற்றுக் கீழே இருக்கும்: அவசர மருத்துவ இடமாற்றம். நோயாளியைக் கப்பலிலிருந்து இறக்கி, தகுந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், தேவைப்பட்டால் சொந்த நாட்டுக்கும் கொண்டுவந்து சேர்க்கும் செலவு இது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை, ஆபத்தில் இருப்பவரை ஹெலிகாப்டரில் மீட்பதற்குக் காசு வாங்குவதில்லை. செலவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மீட்கப்பட்டவர் போய்ச் சேருவது ஏதோ ஒரு கரீபியத் தீவின் சிறிய ஆஸ்பத்திரியாக இருக்கலாம். அங்கே இதய அறுவை நிபுணர் இல்லையென்றால், டாக்டரோடும் கருவிகளோடும் தனி விமானம் வர வேண்டும். இந்த ஏர் ஆம்புலன்ஸ் பில் தொலைதூரப் பயணத்தில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவதும் உண்டு. பேசத் தயங்கும் இன்னொரு விஷயமும் இதே பிரிவில்தான் வரும்: இறந்தவர் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு. பெரிய கப்பல்களில் சிறிய சவ அறை இருப்பது பயணிகள் பலருக்குத் தெரியாது.

ஹெலிகாப்டரில் தூக்குவதெல்லாம் சினிமாவில்தான் என்று நினைப்பவர்கள் 2019 மார்ச் 23 அன்று நார்வேயின் ஹுஸ்டாட்விகா கடற்பகுதியில் நடந்ததைக் கேட்க வேண்டும். புயலுக்கு நடுவே வைக்கிங் ஸ்கை கப்பலின் எஞ்சின்கள் நின்றுபோயின. மசகு எண்ணெய் அளவு குறைவாக இருந்ததே காரணம். கப்பலில் இருந்த 1,373 பேரில் 479 பேரை ஹெலிகாப்டர்கள் ஒவ்வொருவராகக் கயிற்றில் தூக்கிக் கரை சேர்த்தன. பயணிகளில் பெருவாரியானவர்கள் வயதானவர்கள். மீதிப் பேரோடு கப்பல் மறுநாள் மோல்டே துறைமுகத்தை அடைந்தது.

இனி வயது விவகாரம். நம் ஊர் நிறுவனங்கள் அறுபது, எழுபது, எண்பது என்று படிப்படியாக வைத்திருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் பிரீமியம் ஏறும்; அதோடு தருகிற தொகையும் சத்தமில்லாமல் சுருங்கும். அட்டையில் 50,000 டாலர் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். உள்ளே புரட்டினால், அறுபதைக் கடந்தவர்களுக்கு ஐ.சி.யூ. வாடகை நாளொன்றுக்கு இவ்வளவு, சர்ஜன் கட்டணம் இவ்வளவு, ஆம்புலன்ஸ் இவ்வளவு என்று துண்டு துண்டாக உச்சவரம்பு இருக்கும். இதற்கு சப்-லிமிட் என்று பெயர். சப்-லிமிட் இல்லாத பாலிசிகளும் கிடைக்கின்றன, விலைதான் கூடுதல். பெரிய தொகையும் துண்டு வரம்புகளும் கொண்ட பாலிசியைவிட, சற்றே சிறிய தொகைக்குத் துண்டு வரம்பில்லாத பாலிசி எழுபது வயதுக்காரருக்கு நல்லது. ஐரோப்பா போகிறவர்கள் இன்னொரு வலையிலும் விழுகிறார்கள். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா முத்திரை விழுந்தால் போதும் என்று, அந்தத் தொகைக்கு எது மலிவோ அதை ஏஜென்ட் எடுத்துக் கொடுத்துவிடுவார். விசாவுக்காக எடுத்த பாலிசி தூதரகத்தைத் திருப்திப்படுத்தும். பார்சிலோனாவில் கப்பலேறும் தாத்தாவுக்கு அது போதுமா என்பது வேறு கேள்வி.

எல்லாவற்றையும்விட அதிகம் சண்டை வருவது, ஏற்கெனவே உள்ள நோய்களில். சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய ஸ்டென்ட் என்று எதுவுமே இல்லாத அறுபத்தைந்து வயதுக்காரரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அப்படியிருந்தும் விண்ணப்பத்தில் 'இல்லை' என்று டிக் அடிப்பவர்கள் ஏராளம். சில சமயம் அடிப்பது ஏஜென்ட். கையெழுத்துப் போடுவது பெரியவர்.

2009-இல் நடந்த ஒரு சம்பவம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அமெரிக்காவில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்ட இந்தியர் ஒருவர், பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் வெளிநாட்டு மெடிக்ளெய்ம் பாலிசி எடுத்தார். தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதை விண்ணப்பத்தில் சொல்லியிருந்தார். மருத்துவப் பரிசோதனையும் நடந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் மாரடைப்பு. ஆஞ்சியோபிளாஸ்டி செய்து மூன்று ஸ்டென்ட் வைத்தார்கள். க்ளெய்ம் கேட்டபோது நிறுவனம் மறுத்தது: கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டதை அவர் சொல்லவில்லையாம். தேசிய நுகர்வோர் ஆணையம் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தது. 2021 டிசம்பரில் நீதிபதிகள் சந்திரசூட், நாகரத்னா அமர்வு அதைப் புரட்டிப் போட்டது. நோயைச் சொன்னபின், பரிசோதித்து, ஏற்றுக்கொண்டு பாலிசி கொடுத்துவிட்டால், பிறகு அதே உடல்நிலையைக் காரணம் காட்டிக் கைவிரிக்க முடியாது என்றது தீர்ப்பு.

அவர் ஜெயித்ததற்கு அடிப்படை, சர்க்கரை நோயை முதலிலேயே எழுதிக் கொடுத்ததுதான். மறைத்திருந்தால் தீர்ப்பு இப்படி வந்திருக்காது. ஆனால் ஜெயிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆகவே மாத்திரைப் பட்டியலை ஸ்டாட்டின் உட்பட முழுதாக எழுதி, அதன் நகலையும் வைத்துக்கொள்வது உத்தமம். சொன்னால் மட்டும் போதாது. சொன்ன நோய்க்குப் பாலிசி பணம் தருமா என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும். பல பாலிசிகள் பழைய நோய்க்கு உயிர் போகும் கட்டத்தில் மட்டும், அதுவும் ஒரு சிறு தொகை வரைதான் தருகின்றன.

பாலிசி செல்லும் நாடுகளின் பட்டியலிலும் ஒரு கண் வேண்டும். 'உலகம் முழுவதும், அமெரிக்கா கனடா நீங்கலாக' என்ற வகை மலிவு. கரீபியன் என்று விளம்பரம் செய்யப்படும் பயணங்களில் பெரும்பாலானவை புறப்படுவது மயாமி போன்ற அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து. அலாஸ்கா பயணத்துக்கு சியாட்டில் அல்லது வான்கூவர்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய், அங்கிருந்து குடும்பத்தோடு கப்பலேறும் பெற்றோர்கள் இப்போது நிறைய. அவர்களுக்கு அங்கே எடுக்கப்படும் விசிட்டர் பாலிசிகளில், பழைய நோய் 'எந்த முன்னறிகுறியும் இல்லாமல் திடீரெனத் தீவிரமானால்' மட்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். பல பாலிசிகளில் அதற்கும் வயது வரம்பு உண்டு. அமெரிக்கா தாண்டிக் கடலில் செல்லுமா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். கிரீன் கார்டு பெற்று, அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேர்ந்துவிட்ட பெரியவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. கப்பல் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட தொலைவில் இருந்தால், அங்கே பெற்ற சிகிச்சைக்கு மெடிகேர் பணம் தராது.

உடம்புக்கு எதுவும் ஆகாவிட்டாலும் கப்பல் போய்விடலாம். 2024 மார்ச்சில் ஆப்பிரிக்கத் தீவான சாவ் டோமேயில், தனியார் சுற்றுலா ஒன்றில் போன எட்டுப் பயணிகள் திரும்பத் தாமதமானது. கப்பல் கண்ணுக்கெதிரே நங்கூரத்தில் நின்றும் அவர்களை ஏற்றவில்லை. பல நாடுகள் வழியாக அலைந்து அடுத்த துறைமுகமான காம்பியாவுக்குப் போனால், கடல் ஓதம் வடிந்து நீர்மட்டம் குறைந்ததால் கப்பல் அங்கே வரவே இல்லை. கடைசியில் செனகலில் போய்ப் பிடித்தார்கள். கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகம் வரை போகும் செலவைச் சில பாலிசிகள் தரும். எந்தக் காரணங்களுக்குத் தரும் என்பதில்தான் வித்தியாசம். பயணி தாமதமாக வந்ததை ஏற்கும் பாலிசிகள் குறைவு. கரையில் இறங்கும்போது மாத்திரைப் பையைக் கையோடு எடுத்துப்போகச் சொல்வது, கப்பல் இப்படிப் போய்விடக்கூடும் என்பதால்தான்.

பாலிசி முடியும் தேதியைப் பயணம் முடியும் தேதியோடு சரியாக முடிச்சுப் போடுவதும் ஆபத்து. டைமண்ட் பிரின்சஸ் கப்பலின் பயணம் 2020 பிப்ரவரி 4-ஆம் தேதி யோகோஹாமாவில் முடிந்திருக்க வேண்டும். கொரோனா தொற்றால் 3,711 பேரும் கப்பலிலேயே அடைபட்டார்கள். அவர்களில் 712 பேருக்குத் தொற்று. கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் ஆறு பேர்தான் பயணிகள், மற்றவர்கள் ஊழியர்கள். 119 இந்தியர்களோடு ஏர் இந்தியா விமானம் டெல்லி வந்து இறங்கியது பிப்ரவரி 27 அன்று. கப்பல் அறையிலேயே முடக்கப்பட்டால் நாளுக்கு இவ்வளவு என்று தரும் பிரிவும், தாமதம் நம் கையில் இல்லாதபோது பாலிசி தானாக நீளும் பிரிவும் இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

ஏதாவது ஆகிவிட்டால் முதலில் அழைக்க வேண்டியது பாலிசியில் அச்சிட்டிருக்கும் 24 மணி நேர உதவி எண். அவர்களைக் கேட்காமல் குடும்பமே ஏற்பாடு செய்த ஏர் ஆம்புலன்ஸுக்குப் பணம் தர மறுக்கும் பாலிசிகள் உண்டு. அந்த எண் பெரியவரின் செல்போனில் மட்டும் இருந்தால் போதாது. கூட வருபவரிடமும் ஊரிலிருக்கும் பிள்ளைகளிடமும் இருக்க வேண்டும். கப்பல் டாக்டரின் அறிக்கையையும் கட்டணம் செலுத்திய ரசீதையும் இறங்குவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும், பிறகு மின்னஞ்சலில் கேட்டுப் பெறுவது பெரும்பாடு. இந்திய நிறுவனம் க்ளெய்மை மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் தர வேண்டும். முப்பது நாளில் பதில் இல்லையென்றாலும், பதில் சரியில்லையென்றாலும், ஓராண்டுக்குள் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அந்த அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.