பழம் படங்களுக்குப் புத்துயிர்

தூத்துக்குடியில் 1906-ஆம் ஆண்டிலே சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவிய வ. உ. சிதம்பரனாரின் சரிதத்தை, பி. ஆர். பந்துலு 1961-இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ என்னும் படமாக்கினார். உருவையும் ஒலியையும் எண்களாக மாற்றும் டிஜிட்டல் முறையினால் அப்படம் புதுப்பிக்கப்பெற்று, 2015-இல் மீண்டும் திரைக்கு வந்தது.

அம்முறை யாதெனின், சுருளிலுள்ள ஒவ்வொரு படத்தையும் கருவியொன்று நுணுகிப் பதிவு செய்யும். விநாடிக்கு 24 படங்கள் ஓடுதலின், அடுத்தடுத்தவை பெரிதும் ஒத்திருக்கும். ஆகவே, ஒன்றிற் கீறலால் மறைந்த பகுதியை அயற்படங்கொண்டு கணினி நிரப்பும். மங்கிய வர்ணமும் இரைச்சல் மிகுந்த ஒலியும் கணக்கினாலேயே செம்மையுறும்.

ஆயினும், சுருளே அழிந்தவிடத்துக் கருவி என் செய்யும்? நடராஜ முதலியார் எடுத்த ‘கீசகவதம்’ என்னும் பேசாப்படத்தின் பிரதி இன்று இல்லை. சிப்பி அழியின் முத்து ஏது? எஞ்சிய சுருள்களையேனும் பேணுதல் நம் கடனன்றோ!