நோயுற்ற பிள்ளையின் வாங்கில் ஒரு ரோபோ

ரோபோவும் வைத்தியமும் என்றதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சத்திரசிகிச்சைதான். 2001 செப்ரெம்பர் 7இல் நியூயோர்க்கில் இருந்தபடியே பிரெஞ்சு வைத்தியர் ஜாக் மாரெஸ்கோ, பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் படுத்திருந்த பெண்ணின் பித்தப்பையை ரோபோக் கைகளால் அகற்றினார். அந்த இயந்திரம் தானாக வெட்டவில்லை. இயக்கியது வைத்தியரின் கைகளே. பயந்தவர்கள் ஆறுதலடையலாம்.

ஆனால் ஹம்மர்பெஸ்ட் போன்ற ஊரில் வாழும் எமது குடும்பங்களுக்கு இன்றே உதவக்கூடியது வேறொரு சின்ன ரோபோ. பெயர் ஏவி1. 2015இல் ஒஸ்லோவில் தொடங்கிய 'நோ ஐசொலேசன்' நிறுவனம் செய்தது.

ஹம்மர்பெஸ்டில் வைத்தியசாலை உண்டு. ஆயினும் பிள்ளைக்குப் புற்றுநோய் போன்ற பாரிய நோய் வந்தால் திரொம்சோ பல்கலைக்கழக வைத்தியசாலைக்குப் போகவேண்டி வரும். பனிப்புயலடித்தால் விமானமும் இல்லை. சிகிச்சை மாதக்கணக்கில் நீளலாம். அங்குள்ள வைத்தியசாலைப் பள்ளியில் பாடம் கிடைக்கும், கூட்டாளிகள் கிடைக்கமாட்டார்கள்.

ஏவி1 அந்தப் பிள்ளையின் வாங்கில், மேசைமேல் இருக்கும். அதற்குள் கமெரா, ஒலிவாங்கி, ஒலிபெருக்கி. பிள்ளை கட்டிலில் இருந்தபடி கைத்தொலைபேசியிலோ பலகைக் கணினியிலோ அதன் தலையைத் திருப்பி வகுப்பைப் பார்க்கலாம், பேசலாம். கை உயர்த்த வேண்டுமா? ரோபோவின் தலையில் விளக்கு மின்னும். களைப்பென்றால் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது, பிள்ளையின் முகம் வகுப்புக்குத் தெரியாது என்பதே. மருந்தினால் தலைமுடி கொட்டிய பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விடயம்! காட்சிகளைப் பதிந்து வைப்பதுமில்லை.

எம்மவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்கு நோயென்றால் நான்கு பேருக்குத் தெரியக்கூடாது என்று மூடிவைப்போம். வெள்ளைக்கார அயலவருக்கும் சொல்லமாட்டோம், தமிழ்ப் பள்ளிக்கும் சொல்லமாட்டோம். நோய் மறைந்திருக்கும், கூடவே பிள்ளையும் மறைந்துபோகும். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும்போது வகுப்பே அந்நியமாகிவிடும். ரோபோ வேண்டுமென்றால் முதலில் வகுப்புக்கு விடயத்தைச் சொல்லத்தான் வேண்டும். எவ்வளவு சொல்வது என்பதைப் பிள்ளையிடமே கேளுங்கள்.

பிறகு வகுப்பாசிரியரிடமோ பாடசாலைத் தாதியிடமோ பேசுங்கள். பல பாடசாலைகளும் கொம்யூன்களும் இதை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ கொடுக்கின்றன. மொழி தடையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். வைத்தியசாலை அறையில் இணையம் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். முதல் நாள் முழுநேரமும் வேண்டாம். கணிதம் பிடிக்காத பிள்ளையென்றால் இடைவேளையிலிருந்தே தொடங்கட்டும்.